சீட்டு இருக்கு, கிளி எங்கடி?

"சீட்டு இருக்கு. கிளி எங்கடி?"

கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்து, 78 டாரோ சீட்டுகளையும் ஹால் கட்டிலில் பரப்பி வைத்திருந்தேன். கொடியிலிருந்து எடுத்த துணிகளைத் தோளில் போட்டபடி வந்த அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"கிளியெல்லாம் கிடையாதும்மா. இதுல நாமளேதான் எடுக்கணும்."

"நாமளே எடுக்கறதுக்கு ஜோசியம் எதுக்கு? தப்பா வந்தா யாரைத் திட்டறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மா துணியை மடிக்க உட்கார்ந்துவிட்டார். ஆனால், கண் மட்டும் சீட்டுகள் மேலேயே இருந்தது.

நான் டாரோ கற்றுக்கொண்டவள் இல்லை. ஜர்னலிசம் டிப்ளோமா முடித்ததும் முதலில் சேர்ந்த செய்தித் தளம் ஒன்றில், ஞாயிறு இரவு டெஸ்க்கில் இருப்பவருக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. 'இந்த வார டாரோ பலன்'. சீட்டு பார்க்கும் ஒரு மேடம் 12 ராசிக்கும் 12 வாய்ஸ் நோட் அனுப்புவார். அதைக் கேட்டு டைப் செய்து, தலைப்பு வைத்து, படம் சேர்த்து, திங்கள் காலை 5 மணிக்கு ஷெட்யூல் பண்ணிவிட்டுத்தான் தூங்கப் போக முடியும். ஒன்றரை வருடம் செய்தேன். வாய்ஸ் நோட்டில் பின்னணியில் குக்கர் விசில் அடிக்கும். 'விருச்சிகத்துக்கு இந்த வாரம் ஒரு நல்ல... இரும்மா, அடுப்பை அணைச்சுட்டு வரேன்' என்று போய்விட்டு வருவார். நல்ல மனுஷி.

அப்படித்தான் சீட்டுகளின் பெயரும் பலனும் எனக்கு மனப்பாடம் ஆயின. ஆனால், படங்களைக் கட்டைவிரல் அளவில் போனில் பார்த்ததோடு சரி. அந்த வேலையை விட்டுவிட்டு இந்த வேலையில் சேர்ந்த பிறகு, ஒருநாள் ஏதோ தோன்றி ஆன்லைனில் ஒரு கட்டு வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கிளி. இதைப் படிக்கும் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் கிளி ஜோசியத்தை நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மரத்தடியிலோ கோயில் வாசலிலோ ஒருவர் துணி விரித்து உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் சின்னக் கூண்டு. முன்னால் ஒரு சீட்டுக்கட்டு, பெரும்பாலும் 27 நட்சத்திரக் கணக்குக்கு 27 சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு படம். முருகன், பெருமாள், அம்மன் என்று இருக்கும். நடுவில் மாதாவும் வருவார், பிறையும் வரும். வருகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு சாமி இருக்க வேண்டும் அல்லவா? நம் பேரைச் சொல்லிக் கூண்டைத் திறந்தால் கிளி நடந்து வந்து, அலகால் ஒவ்வொரு சீட்டாகத் தள்ளி, ஒன்றை எடுத்துக் கொடுக்கும். ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு திரும்பக் கூண்டுக்குள் போய்விடும். அந்தப் பறவை ஏன் பறந்து போகவில்லை என்று சின்ன வயதில் நான் யோசித்ததே இல்லை. இறக்கையை வெட்டியிருப்பார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மந்தாரக்குப்பம் கடைவீதியில் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சீட்டு பார்த்தார். கேள்வி, 'சொந்த வீடு அமையுமா?' கிளி எடுத்த சீட்டில் பாம்பு. ஜோசியர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏதோ தோஷம் என்று ஆரம்பித்தார். அம்மா இடுப்பிலிருந்து இன்னொரு அஞ்சு ரூபாயை எடுத்து வைத்து, "இன்னொண்ணு எடுக்கச் சொல்லுங்க" என்றார். இரண்டாவதாகப் பெருமாள் வந்தார். "கெழக்கால வீடு அமையும் தாயி" என்றார் ஜோசியர். கடைசியில் நாங்கள் வீடு கட்டியது வடலூரில். நெய்வேலிக்குக் கிழக்கேதான் வடலூர். அம்மா இதை இன்றுவரை ஆச்சரியமாகச் சொல்வார். எங்கே கட்டியிருந்தாலும் நான்கு திசையில் ஒன்றாகத்தானே இருந்திருக்கும் என்று நான் சொல்வதில்லை.

எங்கள் கடலூர் மாவட்டத்திலேயே கிளி ஜோசியம் நாடு முழுக்கச் செய்தி ஆனது, 2024 ஏப்ரலில். கடலூர் மக்களவைத் தொகுதியில் பா.ம.க. சார்பில் நின்ற இயக்குநர் தங்கர் பச்சான், தென்னம்பாக்கம் அழகுமுத்து அய்யனார் கோயில் பக்கம் பிரசாரத்துக்குப் போனபோது ஒரு கிளி ஜோசியரிடம் உட்கார்ந்தார். கிளி அய்யனார் படத்தையே எடுத்துக் கொடுத்தது. வெற்றி நிச்சயம் என்றார் ஜோசியர். வீடியோ பரவியது. அடுத்ததாக வனத்துறை வந்தது. 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பதே குற்றம். கிளிகளை மீட்டார்கள், ஜோசியர் தரப்பைப் பிடித்துப் போய்ப் பிறகு விட்டார்கள். தேர்தலில் ஜெயித்தது காங்கிரஸின் விஷ்ணு பிரசாத். நெய்வேலியும் அந்தத் தொகுதிக்குள்தான் வருகிறது என்பதால் அந்த வாரம் டெஸ்க்கில் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள், 'உங்க ஊர் கிளி என்ன ஆச்சு?'

கிளிக்கு விடுதலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். அந்த ஜோசியர் மறுநாள் காலை எதை வைத்துப் பிழைத்திருப்பார் என்ற கேள்வியும் கூடவே வந்தது. அதே மாதத்தில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து டாரோ பார்த்த யாரையும் யாரும் பிடிக்கவில்லை. அங்கே கிளி இல்லையே.

டாரோவைப் பற்றிப் பலரும் எகிப்து, பிரமிடு என்று ஆரம்பிப்பார்கள். நானும் அப்படி ஒரு இன்ட்ரோ எழுதியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். உண்மையில் அது 15-ம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடிய சீட்டாட்டம். நம்ம ஊர் ரம்மி மாதிரி, பொழுதுபோக்கு. 1781-ல் பாரிஸில் கூர் தெ ஜெபலான் என்பவர் இது எகிப்தியரின் ரகசிய ஞானம் என்று எழுதி வைத்தார். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அதன் பிறகுதான் ஆட்டச் சீட்டு ஜோசியச் சீட்டாக வேகமாகப் பரவியது. வைரலாவதற்கு இன்டர்நெட் வேண்டும் என்று யார் சொன்னது?

என் கட்டிலில் கிடந்த கட்டு 1909-ல் லண்டனில் வெளியானது. உலகத்தில் அதிகம் பேர் வைத்திருப்பது இதைத்தான். பெயர் 'ரைடர் வெய்ட்'. ரைடர் என்பது பதிப்பகம். வெய்ட் என்பது திட்டம் போட்டுக் கொடுத்தவர். 78 படங்களையும் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். சின்ன வயதில் சில காலம் ஜமைக்காவில் வளர்ந்தவர். அந்த ஊர் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து 1899-ல் புத்தகமே போட்டவர். அதுவரை பெரும்பாலான கட்டுகளில் முதல் 22 பெரிய சீட்டுகளுக்கும் ராஜா, ராணி போன்ற சீட்டுகளுக்கும்தான் படம். மீதி 40-ல் ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பை மட்டும் இருக்கும், நம் ஆட்டச் சீட்டு போல. பமீலா அவற்றில் பெரும்பாலானவற்றிலும் ஆட்களை உட்காரவைத்தார், அழவைத்தார், படகில் ஏற்றினார். இன்றைக்கு நம் போனில் வரும் டாரோ படங்களில் பெரும்பகுதி அவர் கற்பனையின் பேரன் பேத்திகள்தான். அவருக்குக் கிடைத்தது சொற்பப் பணம். 1951-ல் கடனோடு இறந்தார். பெட்டி மேல் நெடுங்காலம் அவர் பெயர் இல்லை. ஆனால், சீட்டுகளின் ஓரத்தில் தன் பெயரின் முதல் எழுத்துகளைப் பின்னி, கொடி மாதிரி ஒரு சின்னக் கையெழுத்து போட்டிருக்கிறார். பூதக்கண்ணாடி வைத்துத் தேடிப் பார்த்தேன். 'டிஜிட்டல் டெஸ்க்' என்ற பெயரில் நூற்றுக்கணக்கில் எழுதிய எனக்கு அந்தக் கையெழுத்து ரொம்பப் பிடித்துப்போனது.

சரி, காரணத்துக்கு வருகிறேன்.

டாரோ பலன் எழுதும்போது பெரிய தலைவலி சீட்டுகளின் பெயர்தான். முதல் சீட்டுக்கு எண் பூஜ்யம். ஒரு இளைஞன் மலை விளிம்பில் மேலே பார்த்துக்கொண்டு நடக்கிறான், காலடியில் ஒரு குட்டி நாய். அதை நேராகத் தமிழில் சொன்னால் 'முட்டாள்'. 'ரிஷப ராசி நேயர்களே, உங்களுக்கு இந்த வாரம் முட்டாள் வந்திருக்கிறான்' என்று எழுத முடியுமா? 'பித்தன்' என்று போட்டேன். சிவனையே பித்தன் என்று கூப்பிட்டுப் பாட ஆரம்பித்தார் சுந்தரர், அதுவும் எங்கள் பழைய தென்னாற்காடு மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. 12-ம் சீட்டில் ஒருவன் ஒற்றைக்காலில் தலைகீழாகத் தொங்குவான், முகத்தில் அப்படியொரு அமைதி. 'தூக்கில் தொங்குபவன்' என்றால் பயந்துவிடுவார்கள் என்று 'தலைகீழ் மனிதன்' ஆக்கினேன்.

13-ஐ மட்டும் மாற்றவில்லை. அது 'மரணம்'.

மேடம் ஒவ்வொரு தடவையும் சொல்வார். "இது சாவைச் சொல்ற சீட்டு இல்லம்மா. ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்கிறது. அப்படி எழுது." உள்ளே அப்படித்தான் எழுதுவேன். தலைப்பில் 'மரணம்' என்று வைப்பேன். ஏனென்றால், மரணம் என்று வைத்த வாரம் கட்டுரை ஓடும், 'மாற்றம்' என்று வைத்த வாரம் ஓடாது. இது எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நானே கண்டுபிடித்தேன், பெருமையாகவும் இருந்தது.

ஒரு வாரம், 'இந்த வாரம் மரணச் சீட்டு யாருக்கு?' என்று தலைப்பு வைத்தேன். கடக ராசிக்கு அது வந்திருந்தது. திங்கள் இரவு தளத்தின் இன்பாக்ஸில் ஒரு மெசேஜ். எழுத்துப்பிழைகளோடு, தங்கிலீஷில். 'நான் கடகம். வர்ற வியாழன் கர்ப்பப்பை ஆபரேஷன் தேதி குடுத்திருக்காங்க. பையன் லீவு போட்டு வந்திருக்கான். மரணம்னு போட்டிருக்கீங்க. தள்ளிப் போடட்டுமா?'

கை நடுங்கியது. மேடத்துக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. பெரியவர்களைக் கேட்டு முடிவெடுக்க நேரமில்லை. 'அம்மா, டாக்டர் சொன்ன தேதிக்கே போங்க. அந்தச் சீட்டுக்கு அந்த அர்த்தம் இல்ல. தலைப்பு வெச்சது ஜோசியர் இல்ல, நான்தான். நிறைய பேர் படிக்கணும்னு வெச்சேன். மன்னிச்சிடுங்க' என்று அனுப்பினேன். தலைப்பையும் மாற்றினேன்.

பத்து நாள் பதில் இல்லை. அந்தப் பத்து நாளும் நான் எப்படிச் சாப்பிட்டேன், தூங்கினேன் என்று தெரியாது. பதினோராம் நாள் வந்தது. 'நல்லபடி ஆச்சும்மா. நீ ஒண்ணும் கவலைப்படாதே. நான் முன்னாடியே பயந்துட்டுதான் இருந்தேன். உன் சீட்டு இல்லன்னாலும் பயந்திருப்பேன்.'

அவர் என்னை மன்னித்துவிட்டார். ஆனால் அந்தப் படத்தை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதனால்தான் கட்டை வாங்கினேன். கையில் எடுத்துப் பார்த்த முதல் சீட்டு 13. கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு ஒன்று வெள்ளைக் குதிரையில் வருகிறது. ராஜா விழுந்து கிடக்கிறார். மஞ்சள் அங்கி போட்ட மதகுரு கைகூப்பி நிற்கிறார். ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒரு குழந்தை மட்டும் மண்டியிட்டு அண்ணாந்து பார்க்கிறது. பின்னால் ஆற்றில் ஒரு படகு போகிறது. தூரத்தில் இரண்டு கோபுரத்துக்கு நடுவே சூரியன், உதிக்கிறதா மறைகிறதா தெரியவில்லை. பழைய பிரெஞ்சுக் கட்டுகளில் இந்தச் சீட்டுக்கு மட்டும் பெயரே எழுதமாட்டார்களாம், எண்ணோடு விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு என்னைவிட நல்ல டெஸ்க் எடிட்டர் இருந்திருக்கிறார்.

சீட்டுக்கட்டு வீட்டுக்கு வந்த சமயத்தில் அப்பா ரிட்டயர் ஆக நான்கு மாதம் இருந்தது. நெய்வேலிக்காரர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே டவுன்ஷிப்பில் வீடு வேலையோடு வருவது. வேலை முடிந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஸ்கூல் விட்டு வந்தால் தெருவில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் லாரி நிற்கும். மறுநாள் விளையாட ஒரு ஆள் குறையும். இப்போது எங்கள் முறை. நான் பிறந்ததிலிருந்து இருக்கும் வீடு, பின்னால் அம்மா வைத்த முருங்கை, கருவேப்பிலை, வருஷத்துக்கு முப்பது காய் தரும் பலா, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். வடலூர் வீடு தயாராக இருந்தது. அம்மா மட்டும் ஒரு டம்ளரைக்கூடப் பெட்டியில் எடுத்துவைக்கவில்லை. அப்பா கேட்டால், "இன்னும் நாள் இருக்குல்ல" என்பார். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அப்பா சீட்டுகளைப் பார்த்தது ஒரு நைட் ஷிஃப்ட் முடித்து வந்த காலையில். காபியோடு உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 10-ம் சீட்டை எடுத்தார். அதிர்ஷ்டச் சக்கரம். மேகத்தில் ஒரு பெரிய சக்கரம் மிதக்கிறது. ஒரு பக்கம் பாம்பு இறங்குகிறது, இன்னொரு பக்கம் நாய்முகத்துடன் ஒருவன் ஏறுகிறான். உச்சியில் கத்தியோடு ஒரு சிங்க உருவம். நான்கு மூலையிலும் இறக்கை முளைத்தவர்கள் புத்தகம் படிக்கிறார்கள்.

"இது எதுல தாங்கி நிக்குது?" என்று கேட்டார். "ஷாஃப்ட் இல்ல, பேரிங் இல்ல. நாலு பேரும் புக் படிச்சிட்டிருக்கானுங்க. மெயின்டனன்ஸ் ஆள் ஒருத்தன்கூட இல்லியே."

அப்பா செகண்ட் மைனில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். சக்கரம் என்றால் அவருக்கு பக்கெட் வீல்தான். அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்வது கஷ்டம். பல மாடி உயர இயந்திரம், முன்னால் ராட்டினம் மாதிரி ஒரு சக்கரம், அதைச் சுற்றிலும் பல் வைத்த வாளிகள். பெரிய இயந்திரங்களில் ஒரு வாளி மட்டும் 1,400 லிட்டர். சக்கரம் சுற்றச் சுற்ற மண்ணைக் கடித்து பெல்ட்டில் கொட்டும், பெல்ட் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோகும். இங்கே ஒரு டன் பழுப்பு நிலக்கரியைத் தொடுவதற்கு முன் ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை எடுக்க வேண்டியிருக்கும். அடியில் ஊற்றுத்தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும், அதை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது பழுப்பாக ஏதோ வந்தது என்பதுதான் எங்கள் ஊரின் தொடக்கக் கதை. 1956-ல் நிறுவனம் உருவானது. 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். இதெல்லாம் இங்குள்ள பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்பிலேயே பேச்சுப்போட்டிக்காகத் தெரிந்திருக்கும்.

"மேல போறது கீழ வரும்னு அர்த்தம்ப்பா" என்றேன்.

"அது எல்லா சக்கரத்துக்கும்தான். கீழ போறது மண்ணை எடுத்துட்டு வரும்" என்றார். சீட்டைத் திருப்பி வைத்துவிட்டுத் தூங்கப் போனார். ஒன்றரை வருடம் நான் எழுதிய பலனில் இந்த மாதிரி ஒரு வரி இல்லை.

அம்மா ஆரம்பத்தில் சும்மா வேடிக்கைதான் பார்த்தார். 9-ம் சீட்டில் முக்காடு போட்ட கிழவர் ஒருவர் மலை மேல் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி தலைகுனிந்து நிற்பார். துறவி. "தாடி வெச்ச வள்ளலார்" என்று சொல்லி அதைக் கொண்டுபோய் சாமி அலமாரியில் வைத்துவிட்டார். இரண்டு நாள் கட்டில் 77 சீட்டுதான் இருந்தது. நாங்கள் குடிபோகும் வடலூரில்தான் வள்ளலாரின் சத்திய ஞான சபை இருக்கிறது. தைப்பூசத்தன்று ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கி ஜோதி காட்டுவார்கள். அம்மா வருடா வருடம் போகிறவர். விளக்கு பிடித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு வள்ளலார்தான். திரும்ப எடுக்கும்போது ஒரு குங்குமப்பொட்டும் ஒட்டியிருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம். அப்பா ஈஸிசேரில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மழை வருகிற மாதிரி இருந்தது. அம்மா தானாகவே வந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணு எடுக்கட்டுமா?" என்றார். கலைத்து விரித்தேன். என்ன கேள்வி என்று கேட்டதற்கு, "கிளிகிட்ட சொன்னாத்தான் பலிக்கும், உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்" என்று விட்டார்.

வந்தது ஆறு வாள்கள்.

ஒரு சின்னப் படகு. பின்னால் ஒருவன் கோல் ஊன்றித் தள்ளுகிறான். முன்னால் போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திய ஒரு பெண், பக்கத்தில் ஒரு குழந்தை. மூன்று பேருக்கும் நமக்கு முதுகுதான் தெரியும். படகில் ஆறு வாள்கள் செங்குத்தாகக் குத்தி நிற்கின்றன. ஒரு பக்கம் தண்ணீர் அலையாக இருக்கிறது, மறுபக்கம் சலனமே இல்லை. மேடம் இதற்குச் சொல்லும் பலன், 'கஷ்டகாலம் முடிந்து அமைதியான இடத்துக்கு நகர்வீர்கள்'. நான் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஊரை விட்டுப் போறாங்க" என்றார் அம்மா.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்தக் கத்திய ஏன் தூக்கிட்டுப் போறாங்க?"

"தெரியலம்மா. குத்தியே இருக்கு."

"பிடுங்கினா ஓட்டை வுழுந்து தண்ணி உள்ள வந்துரும். அதான் குத்தினபடியே கொண்டு போறாங்க."

பிறகு அம்மா சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மாவின் பிறந்த ஊர் சுரங்கத்துக்குள் போய்விட்டது என்பது தெரியும். வீட்டில் அதை ஒரு தகவலாகத்தான் சொல்வார்கள், 'அந்த ஊர் இப்ப இல்ல' என்று. 1980-களின் தொடக்கம். அம்மாவுக்கு ஒன்பதோ பத்தோ வயது. மாட்டு வண்டியில் நெல் மூட்டைகளுக்கு மேலே உட்காரவைத்தார்களாம். ஆயா வீட்டு வாசக்காலைப் பெயர்த்து எடுத்துவந்துவிட்டார். அம்மிக்கு வண்டியில் இடமில்லை. ஆயா வழி முழுக்க அந்த அம்மியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். வண்டி திரும்புகிற இடத்தில் ஒரு இலுப்பை மரம். அதுவரைக்கும் அம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாராம். அதற்கப்புறம் யாரோ தலையைப் பிடித்து முன்னால் திருப்பி வைத்தார்கள்.

"கல்யாணமாகி இங்க வந்தப்புறம் ஒருதரம் பாக்கப் போனேன். குழியா இருந்தாலாவது இதான்னு காட்டலாம். குழி நகர்ந்து போயிடுச்சு. எடுத்த மண்ண திரும்பக் கொட்டி மேடாக்கி மரம் வெச்சிருந்தாங்க. நல்லா வளர்ந்திருந்துச்சு மரமெல்லாம். எது நம்ம தெருன்னு தெரியல."

நான் எதுவும் கேட்கவில்லை. நிருபராக இருந்து பழகிய வாய், அன்றைக்கு அடங்கியிருந்தது.

ஈஸிசேரிலிருந்து குரல் வந்தது. அப்பா தூங்கவில்லை. கண்ணை மூடியபடியே சொன்னார்.

"உங்க ஊர் மண்ணு என் பெல்ட்லதான் போயிருக்கும்."

அம்மா திரும்பவில்லை. சீட்டைக் கையிலேயே வைத்திருந்தார். கொஞ்சம் கழித்து, "தெரியும்" என்றார்.

"என்னைக்கும் கேட்டதில்லியே நீ."

"என்னாத்தக் கேக்கறது? அந்தச் சம்பளத்துலதான இவ படிச்சா."

முப்பது வருடத்துக்கும் மேலான கல்யாணத்தில் அவர்கள் இதைப் பேசியது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். அதற்கு மேல் பேசவும் இல்லை. மழை வந்துவிட்டது. அம்மா எழுந்து கொடியில் இருந்த துணியை எடுக்க ஓடினார். அப்பாவும் பின்னாலேயே போனார். வழக்கமாக அவர் துணி எடுக்கமாட்டார்.

அன்று சாயங்காலம் அம்மா அட்டைப்பெட்டி கேட்டார். மெயின் பஜாரில் தெரிந்த மளிகைக் கடையில் நான்கு பெட்டி வாங்கி வந்தோம். முதலில் போனது ஊறுகாய் ஜாடிகள். எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றிச் சுற்றி அடுக்கினார். "அம்மிய மொதல் லோடுலயே ஏத்திடணும். கடைசில இடமில்லன்னு சொன்னீங்க, நடக்கறதே வேற" என்று அப்பாவிடம் கறாராகச் சொன்னார்.

சீட்டு சொல்லித்தான் அம்மா பெட்டி கட்டினார் என்று நான் எழுதினால் நல்ல தலைப்பு கிடைக்கும். அப்படி எழுதமாட்டேன். கட்டில் வேறு 77 சீட்டுகள் இருந்தன. சூரியகாந்திகளுக்கு நடுவே குழந்தை குதிரையில் வரும் சூரியன் சீட்டு வந்திருந்தால் அம்மா என்ன பேசியிருப்பார், தெரியாது. ஒருவேளை பூவைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார். நாங்களும் பேசாமலேயே காலி செய்துவிட்டு வந்திருப்போம்.

சாவி கொடுத்த நாளில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் வந்து ஃபேன், சுவிட்ச், குழாய் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். அம்மா பலா மரத்தடிக்குப் போய் நின்றுவிட்டு வந்தார். கருவேப்பிலைக் கன்று ஒன்றைப் பால் பாக்கெட் கவரில் மண்ணோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மினி லாரி ஆர்ச் கேட்டைத் தாண்டும்போது நான் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டிரைவரிடம், "மெதுவாப் போப்பா, ஜாடி இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

வடலூர் வந்து மூன்று மாதம் ஆகிறது. கன்று பிழைத்துக்கொண்டது. போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தார். அவர் பெண்ணுக்கு ஆறு மாதமாக வரன் பார்க்கிறார்கள். பேச்சுவாக்கில், "உங்க பொண்ணுக்கு ஏதோ வெளிநாட்டுச் சீட்டு பாக்கத் தெரியுமாமே?" என்று கேட்டார்.

நான் ரூமுக்குள்ளிருந்து, 'அதெல்லாம் இல்லக்கா' என்று சொல்வதற்குள் அம்மாவின் குரல் கேட்டது.

"அவளுக்கு எங்க தெரியும்? நான் பாப்பேன். உக்காருங்க."